முதலமைச்சரையே தோற்கடித்த ஸ்ரீவில்லிபுத்தூர்... ராஜபாளையம் குமாரசாமி ராஜாவின் கதை!

டி.என்.பி.எஸ்.சி தேர்வுக்குப் படிப்பவர்களை வழுக்கிவிடக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. 'சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் யார்?' ஓமந்தூரார், ராஜாஜி, காமராஜர் என்று கை தானாகவே போகும். சரியான விடை, பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானபோது, அதுவரை 'பிரதமர்' என்று அழைக்கப்பட்டுவந்த சென்னை அரசின் தலைவர் பதவி 'முதலமைச்சர்' என்று பெயர் மாறியது. அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவர், ராஜபாளையத்துக்காரரான இவர்தான்.

விடையை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் கதை கொஞ்சம் விநோதமானது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், முதலமைச்சராக இருந்துகொண்டே போட்டியிட்டு, சொந்த ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றவர் அவர். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். அவ்வளவு பக்கம்!

பாட்டி வளர்த்த பிள்ளை

1898 ஜூலை 8-ம் தேதி ராஜபாளையத்தில் பிறந்தார் குமாரசாமி ராஜா. நினைவு தெரிவதற்கு முன்பே தாயையும் தந்தையையும் இழந்துவிட்டார். வளர்த்தது பாட்டி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று புழங்கும் ராஜுக்கள் சமூகம். விஜயநகர, நாயக்கர் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து சஞ்சீவி மலை அடிவாரத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். இன்றைக்கு ராஜபாளையம் என்றால் பஞ்சாலையும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியும், வெள்ளை வெளேர் வேட்டை நாயும்தான் ஞாபகத்துக்கு வரும். குமாரசாமி ராஜாவின் இளமையில் அது நிலமும் தோப்புமாக இருந்த ஊர். ஓரளவு வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அரசியலில் இறங்கிச் சிறைக்குப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனாலும் இறங்கினார். முதலில் அன்னி பெசன்ட்டின் பேச்சு, பிறகு தீரர் சத்தியமூர்த்தி, எல்லாவற்றுக்கும் மேலாக காந்தி. கதர் உடுத்தினார். சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். அந்தக் காலத்தில் காங்கிரஸ்காரர்கள் தங்களை 'தேசத்தின் சிப்பாய்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். துப்பாக்கி இல்லாத சிப்பாய்கள். 1934-ல் நடந்த தேர்தலில் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து டெல்லியின் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னை நகரத்தின் பிரதிநிதியாக சத்தியமூர்த்தியும் அதே சபைக்குப் போனார்.

அப்போது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர் எல்லாமே ராமநாதபுரம் ஜில்லாவுக்குள் இருந்தன (விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல்தான்). அதே ஜில்லாவின் விருதுநகரிலிருந்து இன்னொருவர் கட்சிக்குள் வளர்ந்துகொண்டிருந்தார். காமராஜர். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானவர், அடுத்த பல வருடங்களுக்கு யார் முதல்வராக வருவது, யார் இறங்குவது என்பதைப் பதவியில் இல்லாமலேயே தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். 1946 தேர்தலுக்குப் பிறகு பிரகாசம் வந்தார், ஒரு வருடம்கூட முழுதாக நீடிக்கவில்லை. 1947-ல் ஓமந்தூரார் வந்தார், கட்சிக்காரர்களின் சிபாரிசுகளுக்கு மசியாததால் இரண்டு வருடங்களில் வெளியேற வேண்டிவந்தது. மூன்றாவதாக, காமராஜரின் ஆதரவோடு 1949 ஏப்ரல் 6-ல் பொறுப்பேற்றார் குமாரசாமி ராஜா.

பெரிய பேச்சாளர் என்றோ, கூட்டத்தைக் கட்டிப்போடும் தலைவர் என்றோ அவருக்குப் பெயர் இல்லை. அடித்துக்கொண்டிருந்த கோஷ்டிகளுக்கு நடுவே, எல்லோரும் ஓரளவு ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆள் தேவைப்பட்டார். அவர் கிடைத்தார். அவ்வளவுதான்.

கம்பிக்கு அந்தப் பக்கம்

அவருடைய மூன்று வருட ஆட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால், இந்தியாவில் எந்த சட்டக் கல்லூரியிலும் அந்த ஆட்சியைத் தாண்டாமல் படிப்பை முடிக்க முடியாது. 'சென்னை மாநிலம்' என்று எதிர்த்தரப்பில் பெயர் வரும் அந்தக் காலத்து வழக்குகளைக் கொஞ்சம் பாருங்கள்.

முதலாவது, ஏ.கே.கோபாலன் வழக்கு. கம்யூனிஸ்ட் தலைவரான கோபாலனை விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருந்தது சென்னை அரசு. புத்தம் புதிய அரசியல் சட்டம் தரும் தனிமனித சுதந்திரம் என்ன ஆச்சு என்று அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே 19-ல் தீர்ப்பு. கோபாலன் தோற்றார். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஃபஸல் அலி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இன்னொரு முறை வருவார்.

ஒரே வாரத்தில் அடுத்த தீர்ப்பு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்', சென்னை மாநிலத்துக்குள் வரவே கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. 1950 மே 26-ல் அந்தத் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். பத்திரிகை சுதந்திரம் பற்றிப் பேசும் எவரும் இன்றுவரை மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது.

மூன்றாவது, தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கும் செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை சாதி, மத அடிப்படையில் 14 பங்காகப் பிரித்துக் கொடுக்கும் வகுப்புவாரி அரசாணை அதுவரை நடைமுறையில் இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. குமாரசாமி ராஜாவின் அரசு விடவில்லை, மேல்முறையீடு போனது. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. தமிழ்நாடு கொதித்தது. பெரியாரும், அப்போதுதான் (1949 செப்டம்பரில்) பிறந்திருந்த தி.மு.க-வும் வீதிக்கு வந்தார்கள். விளைவு, அந்த ஜூன் மாதமே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம். இட ஒதுக்கீட்டுக்குப் பாதுகாப்பு தரும் 15(4) பிரிவு அப்படித்தான் வந்தது. அதே திருத்தம்தான், 'கிராஸ் ரோட்ஸ்' தீர்ப்புக்குப் பதில் சொல்வதுபோல, பேச்சு சுதந்திரத்துக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு, நல்லதிலும் கெட்டதிலும், ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் அரசு இவ்வளவு பெரிய காரணம் என்பது அந்த ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

நீதிமன்றத்துக்குப் போகாமலே முடிந்துபோன விஷயம்தான் இவை எல்லாவற்றையும்விட கனமானது. 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை. அங்கு அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மலபாரைச் சேர்ந்தவர்கள், விவசாயிகள் போராட்டத்தில் பிடிபட்டவர்கள். குடியரசாகி இரண்டரை வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் சிறையில் கம்பி எண்ணிய ஒருவர் தலைமை தாங்கிய ஆட்சியில், சிறைக்குள் பூட்டப்பட்டிருந்த மனிதர்கள் சுடப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகள் அன்று ஆயுதப் போராட்டப் பாதையில் இருந்தார்கள், அரசுக்கு அச்சம் இருந்தது என்பதெல்லாம் உண்மை. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்ததற்கு அது பதில் ஆகாது.

தெலுங்கு பேசும் தமிழர்

இன்னொரு தலைவலியும் அவர் மேஜைக்கு வந்தது. ஆந்திரா தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கை. எப்படிப் பிரிப்பது என்று ஆராய அமைந்த பிரிவினைக் கமிட்டிக்குக் குமாரசாமி ராஜாதான் தலைவர். தாய்மொழி தெலுங்கு, ஊர் தமிழ்நாடு. சென்னை நகரம் யாருக்கு என்பதில்தான் சிக்கல். கமிட்டியிலிருந்த பிரகாசம் ஒத்துப்போகாமல் தனிக் குறிப்பு எழுதினார். பிரச்னை அப்படியே நின்றது. பொட்டி ஸ்ரீராமுலு உயிரைக் கொடுத்த பிறகு, 1953-ல்தான் ஆந்திரா பிரிந்தது. அதற்குள் குமாரசாமி ராஜா பதவியில் இல்லை.

இவை எல்லாம் பேப்பர் படிப்பவர்களின் பிரச்னைகள். வீட்டு அடுப்படியின் பிரச்னை வேறு: அரிசி. அடுத்தடுத்து மழை பொய்த்திருந்தது. ரேஷன் கடையில் கிடைத்த அரிசி குடும்பத்துக்குப் போதவில்லை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நெல் கொண்டுபோகக் கட்டுப்பாடு. பிடிப்பதற்கு அதிகாரி, ஒளிப்பதற்குக் கள்ளச்சந்தை. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டி இருந்தால் ரேஷன் அரிசிக்கு நின்ற கதையைக் கேட்டுப்பாருங்கள். அரசியல் சட்டத் திருத்தத்தைவிட அதுதான் ஞாபகத்தில் இருக்கும்.

மாட்டுப் பெட்டியில் விழாத ஓட்டு

1952-ன் தொடக்கத்தில் தேர்தல் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1946-ல் சென்னை சட்டசபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லா மக்களும் இல்லை. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. அந்த சட்டசபைதான் பிரகாசத்தையும் ஓமந்தூராரையும் குமாரசாமி ராஜாவையும் முதல்வராக்கியது. 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று வந்தது 1952-ல்தான். கூலிக்காரரும், கைத்தறி நெசவாளரும், வயல் வேலைக்குப் போகும் பெண்ணும் முதல்முறையாக வரிசையில் நின்றார்கள்.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரஸுக்கு இரட்டைக் காளை மாடு. முத்திரை குத்தும் வேலையெல்லாம் கிடையாது, சீட்டைப் பிடித்த பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட்டுப் பெட்டி நிறையவில்லை. முதலமைச்சர் தோற்றார்.

ஆண்டாள் கோயிலின் 11 நிலை கோபுரம் அந்த ஊருக்கு அடையாளம். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்பதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. (மதுரைக்காரர்கள் மறுப்பார்கள். அந்தப் பஞ்சாயத்து தனி.) ஊர்க்காரர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டால், எந்தக் கோபுரத்தின் முத்திரையோடு அவர் அரசாணைகள் வெளியிட்டாரோ, அந்தக் கோபுரத்தின் நிழலிலேயே தோல்வியும் வந்தது.

அவர் மட்டும் தோற்கவில்லை. பக்தவத்சலம், கோபால ரெட்டி என்று அமைச்சர்களும் மண்ணைக் கவ்வினார்கள். 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. யாரைச் சிறையில் தள்ளினார்களோ அவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். சென்னை அரசிடம் வழக்கில் தோற்ற ஏ.கே.கோபாலன், கண்ணூரிலிருந்து ஜெயித்து மக்களவைக்கே போய்விட்டார்.

அடுத்து நடந்தது பல படங்களுக்கான திரைக்கதை. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூட்டணி கட்டி, எங்களுக்கு 166 பேர் இருக்கிறார்கள் என்றார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவர்களைக் கூப்பிடவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, முதல்வராகப் பதவியேற்க அழைத்தார். 'கொல்லைப்புற வழி' என்ற விமர்சனம் ராஜாஜியைக் கடைசிவரை விடவில்லை.

இந்தக் களேபரம் முடியும்வரை, தோற்றுப்போன குமாரசாமி ராஜாதான் முதல்வர். தினமும் கோட்டைக்குப் போய், தன்னை வேண்டாம் என்று சொன்ன மக்களுக்காகக் கோப்புகளைப் பார்க்க வேண்டிய நிலை. அதற்குள் இன்னொரு குட்டு. அவர் அரசு 1950-ல் சட்டவிரோதம் என்று அறிவித்த ஒரு சங்கத்தின் வழக்கில், 1952 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. வி.ஜி.ராவ் வழக்கு. அதையும் வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 9 அவருடைய கடைசி நாள். செண்பகம் துரைராஜன் தீர்ப்பு வந்து சரியாக ஒரு வருடம். மறுநாள் ராஜாஜி பதவியேற்றார். ஜூன் மாதம் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கி, ஒரே அடியில் பெயர் வாங்கினார்.

மேலவை நியமனம் ராஜாஜிக்குக் கிடைத்ததுபோல குமாரசாமி ராஜாவுக்கும் கிடைத்திருக்க முடியாதா? சட்டப்படி தடையில்லை. ஆனால் தோற்றவரை மறுபடி உட்காரவைக்கும் வழியை யாரும் தேடவில்லை. அவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

பெனினில் ஒரு மேஜர்

இதில் என்ன பெரிய விஷயம், தோற்றால் போகத்தானே வேண்டும் என்று தோன்றலாம். அதே காலகட்டத்தில் விடுதலை பெற்ற பல நாடுகளின் கதையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நாடு, பெனின். பிரான்ஸிடமிருந்து 1960-ல் விடுதலை பெற்றபோது அதன் பெயர் தஹோமி. ராணுவப் புரட்சிகளுக்குக் குறைவே இல்லாத அந்த நாட்டில், 1972 அக்டோபரில் மத்தியு கெரெக்கூ என்ற மேஜர் ஆட்சியைப் பிடித்தார். மார்க்சியப் பாதை என்று அறிவித்தார், நாட்டின் பெயரையே மாற்றினார், 17 வருடங்கள் எதிர்ப்பில்லாமல் ஆண்டார். 1989-ல் கஜானா காலி. அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை, ஊரெங்கும் வேலைநிறுத்தம். 1990 பிப்ரவரியில் எல்லாத் தரப்பையும் கூட்டி ஒரு தேசிய மாநாடு நடத்தினார். கூடியவர்களோ, இனி இந்த மாநாட்டுக்குத்தான் முழு அதிகாரம் என்று அறிவித்துவிட்டார்கள். ராணுவம் கெரெக்கூவின் கையில் இருந்தது. துப்பாக்கியைத் தூக்காமல் ஒப்புக்கொண்டார். 1991-ல் தேர்தல். நிசெஃபோர் சோக்ளோவிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார், வீட்டுக்குப் போனார். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், ஆட்சியில் இருக்கும் தலைவர் ஓட்டில் தோற்று வெளியேறுவது அதுவரை ஏறக்குறைய கேள்விப்படாத விஷயம்.

கதை அதோடு முடியவில்லை. 1996-ல் அதே கெரெக்கூ ஓட்டு வாங்கி ஜனாதிபதியாகத் திரும்பி வந்தார். 2001-ல் மறுபடியும் ஜெயித்தார். 2006-ல் சட்டம் இடம்கொடுக்கவில்லை என்றதும் இறங்கிக்கொண்டார். 'பச்சோந்தி' என்பது நாட்டு மக்கள் அவருக்கு வைத்த பெயர்.

துப்பாக்கியோடு வந்த சிப்பாய் ஓட்டுக்குப் பணியக் கற்றுக்கொள்ள 19 வருடம் ஆனது. துப்பாக்கியே தொடாத ராஜபாளையத்துச் சிப்பாய், முதல் தேர்தலிலேயே பணிந்தார். ஆனால் மக்கள் கெரெக்கூவுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்தார்கள். குமாரசாமி ராஜாவுக்கு மறுபடி ஜெயித்துக் காட்டும் வாய்ப்பு அமையவில்லை.

கட்டாக்குக்குப் போன தபால்

தமிழக அரசியலில் தோற்ற முதல்வர்களின் பட்டியல் பிறகு வளர்ந்தது. 1967-ல் பக்தவத்சலம் முதல்வராக இருந்தபடி ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அதே தேர்தலில் காமராஜர் விருதுநகரில் தோற்றார். 1996-ல் ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். அந்தத் தோல்விகள் எல்லோருக்கும் தெரியும். பட்டியலின் தலைப்பில் இருப்பவரைத்தான் மறந்துவிட்டோம்.

1954 பிப்ரவரியில் மத்திய அரசு அவரை ஒடிசா ஆளுநராக அனுப்பியது. ஹிராகுட் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு முன் அங்கே ஆளுநராக இருந்து, மாநில மறுசீரமைப்பு ஆணையத் தலைமைக்காகப் பொறுப்பை விட்டுப்போனவர் யார் தெரியுமா? ஃபஸல் அலி. கோபாலனைச் சிறையில் வைத்தது சரியில்லை என்று, குமாரசாமி ராஜாவின் அரசுக்கு எதிராக எழுதிய அதே நீதிபதி. அவர் விட்டுப்போன இடத்துக்கு இவர் போனார்.

சென்னையில் அதே 1954 ஏப்ரலில் ராஜாஜி இறங்க, காமராஜர் முதல்வரானார். எம்.எல்.ஏ-வாக இல்லாத அவர், மேலவை வேண்டாம் என்று குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய கூத்தை அவர் மறந்திருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒடிசாவில் குமாரசாமி ராஜாவின் உடல்நிலை ஒத்துழைக்கவில்லை. 1956 செப்டம்பரில் ஆளுநர் பொறுப்பிலிருந்து விலகி ஊர் திரும்பினார். அடுத்த ஆறு மாதத்தில், 1957 மார்ச்சில் காலமானார். வயது 58. நாடு இரண்டாவது பொதுத்தேர்தலில் மும்முரமாக இருந்த நேரம்.

ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டை அவர் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து படிக்க, பேச, பாட்டுக் கேட்க ஓர் இடம். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாரிடம் கேட்டாலும் மன்றத்துக்கு வழி சொல்வார்கள். அது யாருடைய வீடு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.